முகவரிக்கு ஒரு கையெழுத்து

இந்தக் காலத்தில் தன் வீட்டைத் தானே கூட்ட எவனுக்கும் முதுகு வளைவதில்லை. சாமான் வாங்கிக் குவிக்க மட்டும் நன்றாக வளைகிறது. சிந்தினவன் துடைக்க வேண்டும், எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். இப்போது சிந்துகிறவன் ஒருவன், துடைக்கிறவள் ஒருத்தி, நடுவில் கட்டுக் கட்டாகக் காகிதம். அந்தக் கட்டோடு என் வீட்டையும் சேர்த்துக் கட்டப் பார்த்தாள் என் இளைய மகள்.

வீடுகளைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். முட்டி தேய்ந்தது இவளுக்கு, கூலியில் பாதி அவர்களுக்கு. இனி சொந்தமாகச் செய்யப் போகிறேன் என்றாள். பல் டாக்டர் அம்மா ஒருவர், இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு வந்தால் தன் வீட்டு வேலையைத் தருகிறேன் என்றிருந்தார். இன்சூரன்ஸ்காரனோ முதலில் தொழிலைப் பதிவு செய் என்றான். பதிவு செய்கிறவர்கள், எந்த வீட்டு முகவரியில் தொழில், அந்த வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் எங்கே என்றார்கள். அந்த வீட்டுக்காரன் நான். எல்லாம் சுற்றிச் சுற்றி வந்து என் விரலில் நின்றது.

பதிவு ஆபீசுக்கு என்னைக் கூட்டிப்போனாள். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் சம்மதக் கடிதத்தை நீட்டினாள். இவள் எவன் வீட்டிலாவது விலை உயர்ந்த சாமானை உடைத்தால் என் கூரையைப் பிடுங்க வருவீர்களா என்று கேட்டேன். தொழில் மகள் பேரில், பொறுப்பும் மகளுக்கே, உடைந்ததற்கு இன்சூரன்ஸ் கொடுக்கும் என்று பொறுமையாகத்தான் சொன்னாள்.

"தாத்தா, நீங்க சொத்தை எழுதிக் குடுக்கல. முகவரியை மட்டுந்தான் குடுக்கறீங்க."

"இன்னைக்கு முகவரிம்பீங்க, நாளைக்கு வாசப்படிம்பீங்க."

வாயால் சொன்னதை எழுதித் தருவாயா என்றேன். அதற்குப் படிவம் கிடையாதாம். பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் மகள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மூச்சு மட்டும் பெரிதாக வந்தது. அவள் அம்மாவும் இப்படித்தான்.

டாக்டர் அம்மா இந்த வாரத்துக்குள் பதில் வேண்டும் என்றார், இல்லாவிட்டால் அந்த ஏஜென்சிக்கே சொல்லிவிடுவாராம். வீட்டைப் பார்க்காமல் கூலி பேச முடியாது என்று மகள் கிளம்பினாள். எவர் வீட்டுக்காக என் வீட்டைக் கேட்கிறாள் என்று பார்க்க நானும் கிளம்பினேன்.

வீடு பெரிசு, ஆள் ஒருத்தர். மகள் அறை அறையாக நடந்தாள். ஜன்னலுக்கு வெளிப்பக்கமும் துடைக்க வேண்டுமா, பிரிட்ஜுக்கு உள்ளேயுமா, சோப்புத் தண்ணீர் யார் செலவு, எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டுக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் தரையில் தரை துடைக்கும் மருந்தை ஒரு சொட்டு விட்டு, கல் வெளுக்கிறதா என்று பார்த்தாள். வாஷ்பேசினில் பழைய விரிசல் ஒன்று. டாக்டர் அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அதைப் போட்டோ பிடித்தாள். நாளைக்கு நீதான் உடைத்தாய் என்று யாரும் சொல்லக் கூடாதல்லவா. அது எனக்குப் பிடித்தது, வாயைத் திறந்து சொல்லவில்லை.

எல்லாம் படிந்து வந்தது. டாக்டர் அம்மா, காலையில் போனால் இருட்டித்தான் வருவேன், சாவி உன்னிடமே இருக்கட்டும் என்று மேசையிலிருந்து எடுத்து நீட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட சாவியக் குடுக்கலாமா? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரைப் போய்ப் பிடிப்பீங்க?"

நீட்டிய கை உள்ளே போனது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இந்தத் தவளை பெற்ற மகளையும் சேர்த்துக் கெடுத்தது. என்னைப் பொறுத்தவரை நான் சொன்னது நியாயம். யார் வீட்டிலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

டாக்டர் அம்மா மகளைப் பார்த்தார். "பெரியவர் கேக்கறது சரிதானே. யாரைப் பிடிக்கிறது?"

"இவரைப் பிடிங்க," என்றாள் மகள், குரல் உயராமல். "எங்கயும் ஓட மாட்டாரு. அந்த வீட்டை விட்டு நகரவே மாட்டாரு. அங்கதான் தொழிலைப் பதியறேன். அப்பா கையெழுத்துப் போட்டா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாட்டேன் என்றால், என் மகளை நானே நம்பவில்லை என்று அடுத்தவர் கூடத்தில் நின்று சொன்னதாகிவிடும். ஆபீசை நம்பவில்லை, இன்சூரன்ஸை நம்பவில்லை, இந்த டாக்டர் அம்மாவைக்கூட நம்பவில்லை. அது வேறு கணக்கு.

"இவ ஒரு ஊசிகூட எடுக்க மாட்டா," என்றேன். "மத்த எதுக்கும் நான் ஜவாப்தாரி இல்ல."

"அப்ப போடறீங்க?"

"போட்டுத் தொலைக்கறேன்."

பதிவுக் காகிதமும் இன்சூரன்ஸ் காகிதமும் வரும் அன்றைக்குச் சாவி என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். சாவி வாங்கும்போது இருவரும் ஒரு சீட்டில் கையெழுத்திட வேண்டும், சாவி வளையத்தில் எண் மட்டும்தான் இருக்கும், தொலைந்தாலும் எந்த வீடு என்று எவனுக்கும் தெரியாது என்றாள் மகள். இதை வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். நீங்க எங்க கேட்டீங்கப்பா என்றாள்.

மறுநாள் அதே ஜன்னல், அதே பெண். கடிதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். இன்னொரு தடவையும் வாசிக்கச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவன் முனகினான், முனகட்டும். எழுத்துக் கூட்டி என் பேரைப் போட்டேன். கோணலாகத்தான் வந்தது. அந்தப் பெண் அதன்மேல் முத்திரையைக் குத்திவிட்டு, "இப்பவாவது நம்பிக்கை வந்துச்சா தாத்தா?" என்று சிரித்தாள்.

"பேரு எழுதச் சொன்னீங்க, எழுதினேன்," என்றேன்.

மகள் வரி எண்ணுக்காக அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்திருந்தாள். கொஞ்சம் இருங்கப்பா, சேர்ந்து போகலாம் என்றாள். முகத்தில் சிரிப்பு வழிந்தது. அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கடிதத்தை எந்த அலமாரியில் வைப்பார்கள், அதற்கு யார் காவல் என்று கேட்டேன். ஜன்னல்காரி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். கடிதத்துக்குத்தான் காவல் இல்லை, வீட்டுக்காவது இருக்கட்டும் என்று மகளுக்கும் நிற்காமல், பஸ்ஸுக்கும் நிற்காமல் நடந்தேன்.