ஏழு மாதம் கூடுதல் வயது

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பயமென்றால் என்னவென்றே தெரியாது என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். இருபத்திரண்டாம் மாடிக்கும் இருபத்து மூன்றாம் மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டே டீ வந்துவிட்டதா என்று கேட்கிற மனுஷன். அன்று குடியேற்ற அலுவலகத்தில், நாலாம் நம்பர் கவுண்டருக்கு முன்னால், அவருக்கு அது தெரிந்துபோயிற்று.

காரணம் பக்கத்தில் நின்ற மகள். நாலு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். நர்ஸிங் கடைசி வருஷம். நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு அவர் குடும்பத்தோடு மனுப் போட்டபோது அவளுக்குப் பன்னிரண்டு. மனு ஒன்பது வருஷமாக வரிசையில் நின்றது. வரிசை நகரவில்லை; பிள்ளை வளர்ந்துவிட்டாள். வருகிற பதினான்காம் தேதி அவளுக்கு இருபத்தொரு வயது. அதன்பிறகு அப்பாவின் மனுவில் அவளுக்கு இடமில்லை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்கிறது சட்டம்.

இதில் ஒரு கூத்தும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் வீணாகக் கூடாதென்று, ஊரில் அவள் பிறப்பைப் பதியப் போனபோது இவரே தேதியை ஏழு மாதம் முன்தள்ளி எழுதிவிட்டு வந்திருந்தார். நிஜத்தில் இருபத்தொன்றுக்கு இன்னும் ஏழு மாதம் கிடந்தது. மகளுக்கே தெரியாது. காலையில் கிளம்பும்போது சம்சாரம் சொன்னாள்: "உங்க புத்திசாலித்தனம் ஒண்ணு போதும், நமக்கு வெளியில எதிரியே வேணாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அம்மா ஃபைலைப் புரட்டினாள். அந்த ஊர்ப் பேச்சு மகளுக்குத்தான் தண்ணீர் பட்ட பாடு. அவருக்கு அவசரத்தில் நாக்கு புரளாது.

"பாப்பா, அந்தம்மாகிட்ட சொல்லு" என்றார், வேர்த்து விறுவிறுத்து. "தேதி தப்பு. நான்தான் மாத்தி எழுதினேன். உனக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு."

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னப்பா சொல்றீங்க? இத்தனை வருஷமா நான் தப்பான நாள்லயா பிறந்துக்கிட்டிருந்தேன்?"

"சண்டை வீட்ல போட்டுக்கலாம். சொல்லும்மா."

"சொன்னா மொத்த ஃபைலையும் குப்பையில போடுவாங்க. கம்முனு இருங்க."

அதிகாரி நிமிர்ந்து, "அப்பா என்ன சொல்றாரு?" என்றாள்.

"உங்களுக்கு ரொம்ப நன்றின்னு சொல்றாரு" என்றாள் மகள்.

"நான் இன்னும் ஒண்ணுமே செய்யலியே!"

அதிகாரி அப்படிச் சொன்னாளே தவிர, அவள் கண் ஃபைலை விட்டு அகலவில்லை. மனுப் போட்ட தேதியில் விரலை வைத்தாள். ஒன்பது வருஷம் யாருடைய தாமதம்? அலுவலகத்தினுடையது. அலுவலகத்தால் தாமதமானால், படிப்பு நடுவில் நிற்கிற பிள்ளைக்கு ஒரு வருஷம் தங்க அனுமதி தரலாம் என்று விதிகளின் கடைசியில் ஒரு சின்ன வரி உண்டு. தேடிப் படித்தால்தான் கண்ணில் படும். அவள் தேடிப் படித்தவள். முத்திரை விழுந்தது.

மகள் மொழிபெயர்க்குமுன்னே மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணாடியில் நெற்றி முட்டியது.

"பார்த்துங்க" என்றாள் அதிகாரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "இது ஒட்டுப்போடுற வேலை. இந்த மாசம் பதினோரு பிள்ளைங்களுக்கு இப்படிப் போட்டேன். அடுத்த கவுண்டர்ல இந்த வரியைத் தேடுவாங்களான்னு சொல்ல முடியாது. மனுப் போட்ட அன்னைக்கு இருந்த வயசுதான் கணக்குன்னு சட்டத்தையே மாத்தணும். பொதுமக்கள் கருத்து கேட்கிறாங்க, இதுதான் தாள். எழுதுவாரா உங்கப்பா?" என்றாள்.

மகள் சொன்னதைக் கேட்டு அவர் தலையை ஆட்டினார். "நல்லாச் சொன்னாங்க. அறுந்த கம்பியில முடிச்சுப் போட்டு எத்தனை நாள் லிஃப்ட் ஓட்டுறது?"

மகளுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. "நீ போம்மா, நான் எழுதிக் குடுத்துட்டு வர்றேன். நம்ம பாஷையிலயே எழுதலாமாம்ல?" என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் நாலாம் நம்பர் கவுண்டர் அம்மாவுக்கு நன்றி சொல்லி முக்கால் பக்கம் போயிற்று. நிறுத்த மனசே வரவில்லை. பக்கத்து ஐந்தாம் நம்பர் கவுண்டரில் அடுத்த டோக்கனுக்கு அழைத்தார்கள். ஒரு தாயும் வளர்ந்த பையனும் எழுந்து போனார்கள். மெக்கானிக் அவர்களைப் பார்த்தார். பிறகு மிச்சக் கால் பக்கத்தில், இடம் பற்றாதே என்று எழுத்தைச் சின்னதாக்கி, "ஆனால்" என்று ஆரம்பித்தார்.