அறுபத்தைந்துக்கு ஒன்று குறைவு

பழைய வெள்ளி டாலர்களுக்குத் தரம் போடுவதுதான் தம்பிக்காரனின் பிழைப்பு. ஜன்னல் இல்லாத அறை, மேசை விளக்கு, கையில் லென்ஸ். காசு யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். உறையில் வெறும் எண்தான் இருக்கும். எழுபதுக்கு எத்தனை என்று மூன்று பேர் தனித்தனியே போடுவார்கள். இரண்டு பேர் ஒத்துப்போனால் அதுதான் தீர்ப்பு. தெரிந்த காசு வந்தால் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது விதி.

அன்று மதியம் ஒரு காசைத் திருப்பியதுமே தெரிந்துவிட்டது. காசின் பின்பக்கக் கழுகின் இடது இறக்கையில் நீலம் படர்ந்து பொன்னிறத்தில் முடிந்திருந்தது. அண்ணன் வீட்டு மேசையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறான்! முப்பது வருடமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிற மனிதர் அவர். அறுபத்துமூன்றும் அறுபத்துநாலும் பெட்டி நிறைய இருக்கின்றன. இந்தக் காசு அச்சான வருடத்துக் காசுகளில் அறுபத்துநாலு தடுக்கி விழுந்தால் கிடைக்கும், அறுபத்தைந்து குதிரைக்கொம்பு. கண்ணை மூடுவதற்குள் ஒன்றாவது வாய்க்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை.

ஒதுங்கியிருக்கலாம். அண்ணன் காசென்றால் என் கண் பொய் சொல்லிவிடுமா என்று ஒரு வீம்பு. தொழில் கர்வம் யாரை விட்டது? லென்ஸை வைத்துப் பார்த்தான். அறுபத்தைந்து, சந்தேகமே இல்லை. அப்போதுதான் சனி பிடித்தது. இது கண் சொல்கிறதா, பாசம் சொல்கிறதா? மறுபடி பார்த்தான். காசிலிருந்த பெண்ணின் கன்னத்தில் மயிரிழை அளவு ஒரு கீறல். இத்தனை வருடத்தில் இவ்வளவு சின்னக் கீறலுக்கு அவன் யாருக்கும் குறைத்ததில்லை. அறுபத்துநாலு என்று தட்டினான். மற்ற இருவரில் ஒருவர் அறுபத்தைந்து போட்டிருந்தார், இன்னொருவர் அறுபத்துநாலு.

மறுவாரம் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"அந்த நீலக் காசு அறுபத்துநாலுதான்டா வந்திருக்கு."

"அப்படியாண்ணே?"

"எவனோ கண்ணு அவிஞ்சவன் பாத்திருக்கான். சரி விடு. உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்கன்னு உங்க அண்ணி படிச்சுப் படிச்சு சொன்னா. நான்தான் வேணாம்னேன். உனக்குக் கெட்ட பேரு வந்துடக் கூடாதுல்ல?"

தம்பிக்கு அவமானமாக இருந்தது. அண்ணன் அவனைத் தேற்றுகிற மாதிரி பேசிக்கொண்டே போனார்.

"ஆனா ஒண்ணுடா. உன் கைக்கு மட்டும் வந்திருந்தா அறுபத்தஞ்சு விழுந்திருக்கும். நீ யாருன்னு பாக்காம போடுற ஆளு."