எக்ஸ்ரேக்காரியின் விண்மேகம்

ஆஸ்பத்திரியில் நாள் பூராவும் எலும்பைப் படம் பிடிக்கிறவள், அமாவாசை வந்தால் வானத்தைப் படம் பிடிக்கக் கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் கிளம்பினால் எந்தப் புருஷன்தான் பொறுப்பான்? எக்ஸ்ரேக்காரியின் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். ஆளில்லாத அந்த ரோட்டில் அவள் தனியாகப் போய்வருவது அவருக்குப் பயம். இந்தத் தடவை தானே வண்டி ஓட்டி வந்தார், ஒரு நிபந்தனையோடு. நட்சத்திரங்களுக்கு நடுவே தூசிப்புகைபோல மங்கலாகக் கிடக்கும் விண்மேகம் ஒன்றைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்; அது படத்தில் வரவில்லையென்றால் ராத்திரிப் பயணத்தை அவள் இதோடு விட்டுவிட வேண்டும். ரோஷக்காரி, சரியென்று தலையாட்டிவிட்டாள்.

விடிய விடிய எடுத்தாள். லென்ஸில் பனி படியாமலிருக்க, சூடு தரும் பொட்டலத்தை அவருடைய சாக்ஸுக்குள் திணித்து லென்ஸைச் சுற்றிக் கட்டியிருந்தாள். "என் காலுக்கு இல்லாத யோகம்!" என்று முணுமுணுத்தபடி அவர் வெறுங்காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பார்த்தால் இருட்டும் நட்சத்திரமும்தான். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் மங்கலானது கண்ணுக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடுக்கினாள். அவர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ஊர் விளக்குகளின் வெளிச்சம் வானத்தில் ஏறிப் படத்தைக் கெடுக்கும். அதைக் கழிக்க, ஒன்றுமில்லாத இடங்களில் புள்ளி வைத்து, இங்கே இருப்பது வெறும் ஊர் வெளிச்சம் என்று கம்ப்யூட்டருக்குக் காட்ட வேண்டும். மேல் மூலையில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. ஊர் வெளிச்சம்தான், சனியன், என்று அதன்மேலும் வரிசையாகப் புள்ளி வைத்துக் கழித்தாள். படம் துடைத்துவிட்டதுபோல் ஆனது. நட்சத்திரங்களைத் தவிர ஒரு மண்ணும் இல்லை.

அவள் மௌஸைத் தள்ளி வைத்தாள்.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க. இனிமே போகல, போதுமா?"

போதும்தான். இதைத்தானே கேட்டார்? எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஏம்மா, மேல ஒரு கறை இருந்துச்சே, அதை ஏன் அழிச்சே?"

"அது ஊர் வெளிச்சங்க."

"அதெப்படி? ஊர் நம்ம முதுகுப் பக்கம்ல இருந்துச்சு? வண்டிய நிறுத்தினதே நான்தானே. முன்னாடி ஒரு விளக்கு கிடையாது."

அவள் அடுக்கிய படத்தை அவசர அவசரமாக மறுபடி திறந்து, புள்ளிகளைக் கறைக்கு வெளியே தள்ளி வைத்தாள். அந்தப் பழுப்பு, நீளமாக, கலைந்த பஞ்சைப்போல, திரையில் வந்து நின்றது. அவள் தேடிய விண்மேகமேதான். எக்ஸ்ரேக்காரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தனை சந்தோஷம்.

"சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான் போறதை நிறுத்தியிருப்பேனே."

"நிறுத்தியிருப்பே. அப்புறம் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு இருப்பே. அதை யாரு பாக்குறது?" அவர் பஸ் சாவியை எடுத்துக்கொண்டார். "அடுத்த அமாவாசைக்கு லீவு கேட்டுடறேன். தனியா மட்டும் கிளம்பிடாதே."