கோணல் எறிந்த தட்டுகள்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகன் எறிந்த தட்டு எங்கே போய் விழும் என்பது அந்தத் தட்டுக்கே தெரியாது. ஒருமுறை அது ஓடுகிற பஸ்ஸின் கூரையில் ஏறி உட்கார்ந்து, டிக்கெட் இல்லாமல் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டு வந்தது. இன்னொரு முறை பூங்காவை ஒட்டிய வீட்டின் மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைக்குள் புகுந்து, போர்வையோடு மடிக்கப்பட்டு, அலமாரியில் மூன்று மாதம் தூங்கி, ஒரு விருந்தாளியின் முதுகில் இடித்து வெளியே வந்தது. எதிர்க்காற்று அடித்த ஒரு நாள், எறிந்த தட்டு திரும்பி வந்து அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றதாகவும் பேச்சு உண்டு. அதைப் பார்த்த மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வதால் அதை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை அல்ல. பூங்காவில் பதினெட்டு இடங்களில் கம்பம் நட்டு, இடுப்புயரத்தில் இரும்புக் கூடை, அதற்கு மேல் தொங்கும் சங்கிலிகள். தூரத்தில் நின்று பிளாஸ்டிக் தட்டை வீச வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். குறைந்த வீச்சில் கூடைக்குள் சேர்த்தவன் ஜெயித்தான். நடுவில் குளம், நாணல், முள்புதர். தட்டு தொலையத்தான் செய்யும். அதனால் ஆளாளுக்குத் தட்டின் அடிப்பக்கத்தில் பேரும் போன் நம்பரும் எழுதி வைப்பார்கள்.

இதெல்லாம் மெக்கானிக்குத் தெரியாது. அவர் உலகம் மேலும் கீழும் மட்டுமே போகிற உலகம். நாற்பது வருஷமாக மற்றவர்களை மாடி ஏற்றிவிட்டு, தான் குடியிருக்கும் நாலாவது மாடிக்கு மூச்சு வாங்கப் படியேறுகிறவர். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மகன் விடியற்காலையில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தனியாக எங்கோ போகிறான், வேலைக்கு நேரமாகும்போது முழங்கால் சேற்றோடு திரும்பி வருகிறான் என்ற அளவுக்குத்தான் அவருக்கு விவரம். அதற்கு மேல் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள், மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, சிக்னலில் ஒரு லாரி நிற்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் நல்லவர்கள். அதுதான் சங்கடமாகப் போயிற்று. "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான்" என்றார் மேல்வீட்டுக்காரர். பாட்டுச் சத்தத்துக்காக அவனோடு மாதம் இரண்டு முறை சண்டைக்கு வந்தவர் அவர்தான். "பெரியவங்கன்னா அவ்வளவு மரியாதை" என்றார் சித்தப்பா. அவன் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரைச் சபையில் சொல்ல முடியாது. பத்தாம் நாளுக்குள் வீட்டில் வேறு யாரோ ஒரு பிள்ளை செத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. வாய்த்துடுக்கும், பாட்டுச் சத்தமும், கழற்றிய இடத்திலேயே கிடக்கும் சட்டையுமாக அந்த வீட்டில் வளர்ந்தவனை யாரும் கேட்கவே இல்லை.

பதினாறாம் நாள் அவனுடைய போன் அடித்தது.

"கோணலா?" என்றது ஒரு குரல்.

"யாருங்க?" என்றார் மெக்கானிக்.

"தட்டு கிடைச்சவன் பேசறேன். நீலத் தட்டு. அடியில கோணல்னு போட்டு இந்த நம்பர் எழுதியிருக்கு. ஏன் சார், கூடை வடக்கால இருக்கு, குளம் தெக்கால இருக்கு. கண்ணைப் பிடரியிலயா வச்சிருக்கீங்க?"

"நான் அவன் அப்பா பேசறேன்."

"அப்பாவா? நல்லதாப் போச்சு. பூங்கா வாசல்ல சலூன் வச்சிருக்கேன். வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. இல்ல, நீங்களே வாங்க. உங்க பிள்ளை வந்தா எனக்குப் பயம், கத்தி கித்தி வச்சிருக்கற இடம்."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "சொல்றேங்க" என்று மட்டும் வந்தது. போனை வைத்த பிறகு எதிரே இருந்த பீரோக் கண்ணாடியைப் பார்த்தார். பதினாறு நாளில் முதல் தடவையாக ஒரு ஆள் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்.

சலூனில் தட்டு நாணல் நாற்றத்தோடு காத்திருந்தது. திருப்பிப் பார்த்தார். தண்ணீரில் பாதி கரைந்த எழுத்து, வலப்பக்கம் சாய்ந்து ஓடும் அவன் எழுத்து. கோணல். நம்பர். அதற்குக் கீழே: கிடைச்சா கூப்பிடுங்க, எப்படியும் தொலைச்சிருப்பேன்.

சலூன்காரர் அந்த ஆட்டத்தின் முறைகளை ஒருவருக்குக் கிருதா ஒதுக்கிக்கொண்டே விளக்கினார். "எடுத்தவன் கூப்பிடணும் சார், அதுதான் முதல் மரியாதை. மூணு நாள், மூணு தரம். அதுக்கும் பதில் இல்லேன்னா ஸ்பிரிட்டைப் பஞ்சுல நனைச்சுப் பேரைத் துடைச்சிட்டு நாமளே வச்சுக்கலாம். பேரோட வச்சு ஆடறவன் திருடன். பேரை அழிச்சிட்டு ஆடறவன் யோக்கியன்."

அதன் பிறகு போன் அடிக்க ஆரம்பித்தது. கோணல் மூன்று வருஷமாகத் தொலைத்தவை ஒவ்வொன்றாக வந்தன. மருந்துக்கடை அம்மா கூப்பிட்டு, "உங்க பையன் தட்டு எறியறானா, இல்ல பூங்காவைப் பெருக்கறானா?" என்று கேட்டாள். பஸ் டிரைவர் கூப்பிட்டு, "இன்னொரு வாட்டி கூரையில ஏறினா டிக்கெட் போடுவேன்னு சொல்லிடுங்க" என்றார். கூப்பிட்டவர்களில் அவனை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. தட்டுகளை வைத்தே ஆளைக் கட்டி எழுப்பி, அந்த ஆளைக் கண்டபடி திட்டினார்கள். மெக்கானிக் எல்லோருக்கும் "சொல்றேங்க, சொல்றேங்க" என்றார். ஊரில் அவன் இன்னும் ஒழுங்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்த இடம் அது ஒன்றுதான்.

பிறகு குளத்தைத் தூர் வாரினார்கள். ஒரே வாரத்தில் ஒன்பது தட்டு வந்தது. அதோடு போன் வாயை மூடிக்கொண்டது. ஒரு மாதம், இரண்டு மாதம். போன் கெட்டுப்போயிருக்குமோ என்று தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். நன்றாகத்தான் அடித்தது. எடுக்க ஆளில்லாமல் கடைசி வரை அடித்தது.

மறுநாள் விடிந்ததும் நாலு தட்டைப் பையில் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போனார், தொலைப்பதற்கு.

தொலைப்பது லேசு என்று நினைத்தது தப்பு. நாற்பது வருஷம் தூக்குக்குண்டு கட்டி நேர் பார்த்த கை அது. குளத்தைப் பார்த்து எறிந்தால் தட்டு நடைபாதையோடு ஒழுங்காகப் போய், ஒரு பெஞ்சுக்குப் பக்கத்தில் பணிவாகப் படுத்தது. புதரைப் பார்த்து எறிந்தது ஒரு கிளையில் பட்டுத் திரும்பி, நூறடி தள்ளி இருந்த கூடைக்குள் சங்கிலி குலுங்க இறங்கியது. தூரத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள். மெக்கானிக் அவமானத்தோடு போய் அதை எடுத்து வந்தார். கடைசியில் கண்ணை இறுக மூடி, இரண்டு சுற்றுச் சுற்றி, தலை கிறுகிறுக்க எறிந்ததில் மூன்று தொலைந்தன. பிள்ளை இதை எந்தப் பிரயாசையும் இல்லாமல் தினம் செய்திருக்கிறான் என்று நினைக்க அவருக்குப் பெருமையாக இருந்தது.

மத்தியானம் போன் அடித்தது. "என்ன சார், கோணல் லீவு முடிஞ்சு வந்துட்டாரா?" என்றார் சலூன்காரர்.

இப்படி நாலைந்து தடவை ஆனதும் மனைவி பிடித்துவிட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"என்னங்க, நீங்களே தொலைச்சிட்டு நீங்களே வாங்கிட்டு வர்றீங்களா?"

"ஆமா."

"எதுக்கு இந்தக் கூத்து?"

"அங்க அவனைத் திட்டறாங்க."

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். சண்டை வரும் என்று காத்திருந்தார்.

"என்னன்னு திட்டறாங்க?" என்றாள்.

"கண்ணு பிடரியில இருக்கான்னு."

"அப்புறம்?"

பஸ் கதையைச் சொன்னார். போர்வைக் கதையைச் சொன்னார். விருந்தாளி முதுகைப் பிடித்துக்கொண்டு குதித்ததை, தான் பார்க்காததை, நடித்தே காட்டினார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "அவனேதான்" என்றாள். "அச்சு அசலா அவனேதான்." அன்றிலிருந்து சாயங்காலம் அவர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து நிற்பாள். "இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்பாள். திட்டு இல்லாத நாளில் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஆசை அதிகமாகித்தான் மெக்கானிக் அந்தத் தவறைச் செய்தார். தட்டுகளில் சிவப்பு ஒன்றுதான் புதிது. மற்றதிலெல்லாம் எழுத்து பாதியும் முக்காலும் கரைந்துவிட்டது. சிவப்பில் மட்டும் அவன் எழுத்து நேற்று எழுதியதுபோல் இருந்தது. அதை வீட்டில் வைத்திருக்க வேண்டும். ஆனால் சிவப்பு கண்ணில் படும், சீக்கிரம் கிடைக்கும், அன்றைக்கே போன் வரும். ஒரே புதரில் அதையே மூன்று தடவை எறிந்தார்.

மூன்றாவது தடவை சலூன்காரர் குரலில் விளையாட்டு இல்லை. "சார், இது முறையில்ல. அதே தட்டு, அதே புதர், எடுத்துக் குடுக்க நான் என்ன அவர் வச்ச ஆளா? ஒரு தரமாவது அவரே வந்து வாங்கணும். அப்பாவை அனுப்பினா தரமாட்டேன். இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு, நாளான்னிக்கு ஒண்ணு கூப்பிடுவேன். கோணல் வாயால ஒரு வார்த்தை வரலேன்னா ஸ்பிரிட்தான்."

இரண்டாம் நாள் போன் அடித்தது. மெக்கானிக் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மேஜைமேல் அது அடித்து நகர்ந்துகொண்டிருக்க, இருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லிடுங்க" என்றாள் அவள்.

"சொன்னா அதுக்கப்புறம் யாரும் திட்டமாட்டாங்க."

"சொல்லலேன்னா எழுத்து போயிடும்."

போன் நின்றது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

சலூனில் ஒருவர் முகமெல்லாம் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். சலூன்காரர் சிவப்புத் தட்டைக் கவிழ்த்து மேஜையில் வைத்திருந்தார். பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டில். கையில் பஞ்சு.

"வாங்க. எங்க துரை?"

"துடைச்சிடாதீங்க."

"முறைன்னு ஒண்ணு இருக்கு சார். அவர் வரட்டும்."

"அவன் செத்துட்டான்" என்றார் மெக்கானிக். அந்த வாக்கியத்தை அவர் அதற்கு முன்னால் சொன்னதே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் சொல்ல வேண்டி வரவில்லை. "ஒன்றரை வருஷமாச்சு. நீங்க முதல்ல கூப்பிட்டீங்களே, நீலத் தட்டு, அதுக்குப் பதினாறு நாள் முன்னாடி."

பஞ்சு மேஜைக்கு இறங்கியது. சலூன்காரர் கையைத் துண்டில் துடைத்தார், மறுபடி துடைத்தார். தட்டை எடுத்து, எழுத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"நல்ல ஆட்டக்காரர் சார்" என்றார்.

"யாரு?"

"தம்பிதான். கை சுத்தம். எறிஞ்சா நூல் பிடிச்ச மாதிரி போகும்."

"நீங்க அவனைப் பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேனே. ரெண்டு மூணு தரம்." பொய் சொல்லிப் பழக்கமில்லாத காது சிவந்தது.

"அவனுக்கு எறியவே தெரியாதுங்க. பஸ்ஸு கூரையில எறிஞ்சான்."

"அது காத்து சார். அவர் என்ன பண்ணுவார்?"

"மாடியில போர்வைக்குள்ள போச்சே."

"அந்த வீட்டுக்காரங்க அங்க காயப் போட்டதே தப்பு சார்."

மெக்கானிக் ஒரு அடி கிட்டே போனார். "போன வாரம் என்ன சொன்னீங்க? கோணலைக் கொண்டுபோய்க் குளத்துல நட்டுவச்சாத்தான் குளத்துல விழாம எறிவான்னு சொன்னீங்கல்ல?"

"தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பெல்லாம் வேணாம். அதையே இன்னொரு தரம் சொல்லுங்க. வீட்ல அவ கேப்பா."

சலூன்காரர் வாயைத் திறந்தார். நிஜமாகவே முயன்றார், அதில் குறை சொல்ல முடியாது. "அவர் கண்ணு…" என்று ஆரம்பித்தவர் கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார், சீப்பை எடுத்தார். "குணமான பிள்ளை சார்" என்றார்.

நாற்காலியில் இருந்தவர் கோணலைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. கண்ணாடி வழியாக, நுரை சிந்தாமல், மெல்லத் தலையாட்டினார். "இந்தக் காலத்துல அப்படி ஒரு பிள்ளை கிடைக்கணுமே" என்றார்.

நாலு மாடியும் ஏறி வந்தபோது கதவு திறந்திருந்தது. அவள் தட்டை வாங்கித் திருப்பி, எழுத்து இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. முழுசாக இருந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

மெக்கானிக் செருப்பைக் கழற்ற நேரம் எடுத்துக்கொண்டார். "இது எழுத்தா, இல்ல மழைக்கு ஒதுங்கின எறும்பு வரிசையான்னு கேட்டார். கழுதை வயசாச்சு, ஒரு பேரை நேரா எழுத வரலை, இவனெல்லாம் தட்டை நேரா எறிஞ்சு…"

அவள் சிரிக்கவில்லை. "அது அவர் திட்டினது இல்ல. நீங்க திட்டறது."

"ஆமா."

அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழ்மாடியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வந்து, பாதியில் நின்று, மறுபடி ஏறினார்கள்.

"இன்னும் கொஞ்சம் திட்டுங்க" என்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டேய்" என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.