பின்சுவரில் இரண்டு குழாய்கள்

க்ளெம் ஒய்ஸ்ட்ரிக்கின் வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபர்னஸ் உள்ளே விரிசல் விட்டிருந்தது. அதை அணைத்து, தொடக் கூடாது என்று சிவப்புச் சீட்டை மாட்டியவள் வெர்னா ஹ்லாடன்தான். அந்த ஊரில் கேஸ் வேலை தெரிந்தவர்கள் வேறு இரண்டு பேர் உண்டு. இருவருமே அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கைவிரித்துவிட்டார்கள். வெர்னாவுக்கு அடுத்த வாரம் என்ற பேச்சே ஆகாது. வெளியே மைனஸ் முப்பத்துநான்கு டிகிரி. க்ளெம்மின் மகள் டெஸ்ஸா, குறைமாதத்தில் பிறந்த குழந்தையோடு மறுநாள் மதியம் சஸ்காட்டூன் நகர ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அப்பா வீட்டுக்கு வருகிறாள். வீடு கதகதப்பாக இல்லையென்றால் குழந்தையை அனுப்ப மாட்டோம் என்று அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் முடித்தே தீருவது என்று வெர்னா காலையிலேயே, வீட்டுக்கு அடியிலிருக்கும் பேஸ்மென்டில் புதிய ஃபர்னஸை இறக்கினாள்.

பழையது புகைபோக்கி வழியாகக் கூரைக்கு மேலே புகை விட்டது. புதியதற்கு அது ஒத்துவராது. அதற்குச் சுவர் வழியே இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் வேண்டும். ஒன்று எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுக்கும், மற்றது புகையை வெளியே விடும். இரண்டில் ஒன்று அடைத்தாலும் ஃபர்னஸ் தானாகவே நின்றுவிடும்.

ஃபர்னஸுக்குப் பக்கத்திலேயே கார் நிற்கும் பக்கத்துச் சுவர். கைநீட்டும் தூரம். ஒரு மணி நேரத்தில் துளைத்துவிடலாம் என்று வெளியே போய்ப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னல் விளிம்பு வரைக்கும் பனி மலையாகக் குவிந்திருந்தது. அதற்கு மேலே குழாயைத் தூக்கலாம் என்றால் ஜன்னல். ஜன்னலோரம் புகை விடக் கூடாது.

இது காற்று கொண்டுவந்த பனி இல்லை, யாரோ கொட்டியது என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. க்ளெம்மைக் கேட்டாள். எதிர்வீட்டு இங்வால்ட் என்றார் அவர். ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும், காப்பி குடிக்கும் முன்பே, பனி வாரி எறியும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து க்ளெம்மின் வாசலையும் சேர்த்துத் துப்புரவாக்கிவிட்டுப் போகிறவர். காசு வாங்குவதில்லை. வருஷம் இருபதுக்கு மேல் ஆகிறது.

"அப்போ அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தப் பக்கம் கொட்டாதீங்கன்னு," என்றாள் வெர்னா.

க்ளெம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அது எப்படிம்மா? தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கறதா? ஒரு தடவை ரோஜாச் செடி மேல கொட்டுறியேன்னு சும்மா சொன்னேன். பனி உருகி விதைப்பு வர்ற வரைக்கும் என்கூடப் பேசலை."

"சொல்லலைன்னா ஃபர்னஸ் பேசாது. அது பரவால்லையா?"

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லுகிறேன் என்றும் சொல்லவில்லை. வெர்னாவுக்கு எரிச்சல் மூக்கு நுனி வரை வந்தது. மிச்சம் இருந்தது ஒரே வழிதான். பேஸ்மென்டை முழுசாகக் கடந்து, யாரும் பனி கொட்டாத பின்சுவருக்குப் போவது. ஆனால் நடுவே க்ளெம்மின் கூடம் இருந்தது. ஹாக்கி பார்க்கும் டிவி, பியர் ஃபிரிட்ஜ், தலைக்கு மேலே ஒன்றோடொன்று கோத்து அடித்த தேவதாருப் பலகைக் கூரை. ஊரில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. அதைக் கிழித்தால்தான் குழாய் போகும் என்று அவள் சொன்னபோது, இப்போதாவது இந்த மனுஷன் வாயைத் திறப்பான் என்றுதான் நினைத்தாள்.

க்ளெம் கூரையை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த கடப்பாரையை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

இப்படியும் ஒரு ஊர் உண்டா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வெர்னா பலகையைப் பெயர்த்தாள். ஆனால் வேலையில் கோபத்தைக் காட்டுகிறவள் இல்லை அவள். புகை குளிர்ந்து குழாயில் தண்ணீர் ஊறும். அது ஃபர்னஸுக்கே திரும்பி ஓடி, அங்கிருந்து சாக்கடைக்குப் போக வேண்டும். வழியில் எங்காவது குழாய் தொய்ந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கி மூச்சை அடைத்துவிடும். அதனால் உத்திரத்துக்கு உத்திரம் மட்டம் வைத்துப் பார்த்து, சரிவு கெடாமல் பட்டை கட்டினாள். ஒவ்வொரு இணைப்பிலும் முதலில் பசை பிடிக்கப் பூசும் ஊதா மருந்து, அப்புறம் பசை, கால்வட்டம் திருப்பி, எண்ணிக்கொண்டே அழுத்திப் பிடித்தாள். சும்மா செருகிப் பார்த்துவிட்டு ஒட்ட மறந்த இணைப்பு ஏதாவது உண்டா என்று கடைசியில் விளக்கடித்துத் தேடினாள். ஊதா தெரியாத இணைப்பு ஒன்றுகூட இல்லை. பின்சுவரைத் துளைக்கும்போது விரல்கள் மரத்துப்போயின. அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடியும் துளைத்தாள். க்ளெம் கொடுத்த பெரோகிக் கொழுக்கட்டையை நின்றபடியே தின்றாள்.

இருட்டும் முன்பு ஃபர்னஸ் பற்றிக்கொண்டது. பின்சுவரிலிருந்து இடுப்பு உயரத்தில் வெள்ளைப் புகை எழும்பியது. வெர்னா அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு க்ளெம்மின் போன். ஃபர்னஸ் நின்றுவிட்டது, டெஸ்ஸா கிளம்பிவிட்டாள் என்றார். ராத்திரி பனி கொட்டியிருந்தது. ஆனால் குழாய் முங்குகிற அளவுக்கு இல்லை. எங்கே தப்பு செய்தேன் என்று ஒவ்வொரு இணைப்பாக மனசில் தடவிக்கொண்டே வெர்னா வண்டியை விரட்டினாள்.

தப்பு அவளுடையது இல்லை. பின்சுவரை ஒட்டி, மண்வெட்டியால் தட்டித் தட்டி அழகாக மெழுகினாற்போல், மார்பளவுக்குப் பனி அணை கட்டியிருந்தது. பக்கத்தில் மீசையெல்லாம் உறைந்துபோய், பெருமையோடு இங்வால்ட் நின்றிருந்தார்.

குழந்தை வருகிறதல்லவா, பின்பக்கம் குளிர் ஏறுமே, சுவரில் பனியை அணைத்துவிட்டால் குளிர்காற்று புகாது என்றுதான் கட்டினேன் என்றார் அவர். யாரோ சுவரில் இரண்டு ஓட்டையைப் போட்டுத் திறந்தபடி விட்டிருந்தார்கள். குளிர் நேரே உள்ளே போய்விடாதா? முதலில் அதை அடைத்தேன் என்றார். அவர் வீட்டில் இன்னும் பழைய புகைபோக்கிதான். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்.

வெர்னா வாயைத் திறந்தாள். க்ளெம் அவள் சட்டைக் கையைப் பிடித்தார். "இரும்மா. நான் சொல்றேன்."

அவர் இங்வால்ட் முன்னால் போய் நின்றார்.

"இங்வால்ட், அந்த ஓட்டை வழியாத்தான் ஃபர்னஸ் மூச்சு விடுது. நீ அதை அடைச்சுட்ட. இனிமே என் வீட்டுச் சுவர்ல எங்கயும் பனி கொட்டாதே. பின்னாடியும் வேணாம், கார் பக்கமும் வேணாம்."

இங்வால்ட் முகம் சுருங்கியது. திரும்பிப் போய்விடுவார் என்றுதான் வெர்னா நினைத்தாள். அவரோ மண்வெட்டியை எடுத்துத் தான் கட்டிய அணையைத் தானே வெட்டத் தொடங்கினார். க்ளெம் வெறுங்கையால் வாரினார். வெர்னா குழாய்களுக்குள் விரலை விட்டுப் பனியைத் தோண்டி எடுத்துவிட்டு, கீழே ஓடி ஃபர்னஸை மறுபடி எழுப்பினாள்.

அது பற்றிக்கொண்ட பிறகுதான் இங்வால்ட் பேஸ்மென்டுக்கு இறங்கி வந்தார். "கார் பக்கம் ஏன் கொட்டுறேன்னு நினைச்சே? உன் பேஸ்மென்ட் குளிருதுன்னு உன் பொண்டாட்டி ஒரு தடவை சொன்னா. அதான் சுவர்ல பனியை அணைச்சுவெச்சேன். எதிர்க்காத்துல எறிஞ்சு எறிஞ்சு என் முதுகே போச்சு. சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

க்ளெம் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் இங்வால்ட் நிமிர்ந்து பார்த்தார். கிழிந்த கூரை, தொங்கும் பலகை, நடுவே இரண்டு வெள்ளைக் குழாய்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இருக்கறதுக்காகவா இதைக் கிழிச்சே?"

"ஆமா."

"இதுல பாதிப் பலகை நான் அடிச்சதுடா."

"தெரியும்," என்றார் க்ளெம். அவர் கண் கலங்கியிருந்தது. பலகையைக் கிழிக்கும்போது ஒரு சொல்கூடப் பேசாமல் நின்ற மனிதர்.

மேலே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டெஸ்ஸா வந்துவிட்டாள். இங்வால்ட் ஒரு பலகையைத் தூக்கி அதன் இடத்தில் வைத்துப் பார்த்தார். சுத்தியலைக் கொண்டுவந்து இப்போதே அடித்துவிடுகிறேன் என்று படியேறப் போனார்.

"இங்வால்ட்," என்றார் க்ளெம். "வேணாம். குழந்தை முழிச்சுக்கும்."

இங்வால்ட் படியிலேயே நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பரவால்லையே, வாய் திறந்துருச்சு," என்றார். பிறகு பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் குழந்தையைப் பார்க்க மேலே போனார்.