தீ எரிந்தால் ஒன்று

நேசபாய் டீச்சருக்கு ராஜையனின் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று வந்தது. அவனோ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் செய்த திருப்தியில் நின்றான்.

புதுக்கடை ஊர்ப் பக்கத்து அந்த ரேஷன் கடையில் அதுவரை அரிசி அளந்தது கடைக்காரர் பொன்னுலிங்கத்தின் வாய்தான். வேண்டியவனுக்கு ஒரு கணக்கு, வேண்டாதவனுக்கு ஒரு கணக்கு. என்றைக்கோ ஊரைவிட்டுப் போனவன் பெயரிலும் கார்டு. அந்தக் கொள்ளையைப் பார்த்து வயிறெரிந்துதான், மிஷன் பள்ளியில் கணக்கு எடுக்கும் நேசபாய் தானே ஒரு எழுத்து முறையை உண்டாக்கினாள். அடைப்புக்குறிக்குள் முதல் சொல் வேலை; பின்னால் வருவது அந்த வேலைக்கான சாமான். உள்ளே இன்னொரு அடைப்புக்குறி இருந்தால் அதை முதலில் முடித்து, விடையை அந்த இடத்தில் வை. அவ்வளவுதான். முதல் நாள் (கூட்டு 2 3) என்று எழுதிக் கொடுத்தாள். கடைக் கணக்கன் ராஜையன் ஐந்து என்றான். ஒரே வாரத்தில் இதற்கும் விடை சொன்னான்:

(பெருக்கு அடுப்பு (கூட்டு (பெருக்கு 4 பெரியவர்) (பெருக்கு 2 பிள்ளை)))

பெரியவர் தலைக்கு நாலு நாழி, பிள்ளை தலைக்கு இரண்டு. அடுப்பு என்றால் என்ன என்பதைத் தனித் தாளில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினாள்: கணக்கன் போய்ப் பார்க்கும்போது வீட்டில் தீ எரிந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆளில்லாத வீட்டுக் கார்டுகள் பதினொன்று அந்தப் பூஜ்யத்தில் ஒழிந்தன. தாளில் இல்லாததை எவனும் வாயால் சொல்லக் கூடாது என்று கடைக் கமிட்டியிடம் கையெழுத்தும் வாங்கினாள். என்ன கர்வம் அவளுக்கு!

இன்று சனிக்கிழமை. புதன்கிழமை புருஷனைப் பறிகொடுத்த நாகம்மை பையோடு வந்து நின்றாள். மூன்று பிள்ளைகள். நேற்று ராஜையன் போனபோது அவள் வீட்டில் தீ இல்லை. சாவு விழுந்த துட்டி வீட்டில் ஐந்து நாள் கழியாமல் எவள் உலை வைப்பாள்? அக்கம்பக்கத்தார் அவித்துக் கொடுத்த மரச்சீனிக் கிழங்குதான். உள்கணக்கில் பத்து நாழி வந்தது. வெளியே நின்ற பூஜ்யம் அதைத் தின்றுவிட்டது.

"ஏலே, துட்டி வீடுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் டீச்சர். ஆனா தாள்ல அது இல்லியே."

பொன்னுலிங்கம் சிரித்தார். "நான் ஒண்ணும் சொல்லல்ல. ஒங்களுக்க அடைப்புக்குறிதான் சொல்லுது. மாத்தணும்னா அடுத்த மாசம் கமிட்டி கூடட்டு."

"நீரெல்லாம் மனுசனா ஓய்?" என்று நேசபாய் கத்தினாள். கத்தக் கத்த, திட்டு வாங்க வேண்டியவள் அந்தத் தாளை எழுதியவள்தான் என்பது அவளுக்கே தெரிந்தது. ஊரில் சாவு விழும் என்பதுகூடவா ஒரு படித்தவளுக்கு மறந்துபோகும்? அவமானத்தில் ஆத்திரம் இரட்டிப்பானது. தாளைக் கிழிக்கக் கை நீட்டினாள்.

அப்போதுதான் நாகம்மை வாயைத் திறந்தாள். "இப்பம் தீ மூட்டினா ஒண்ணு போடுவியளா?"

"கண்ணால பாத்தா போடணும்," என்றான் ராஜையன்.

வீட்டைப் பார்த்து நடந்தவளின் பின்னாலேயே நேசபாய் ஓடினாள். "வேண்டாம் நாகம்மை, எனக்க வீட்டு அரிசியத் தாறேன்."

"எனக்க பிள்ளையளுக்கு உள்ளதத்தான் கேக்கேன். ஒங்க அரிசி எனக்கெதுக்கு?"

ஐந்தாம் நாள் கழியாத வீட்டின் கூரையில் புகை எழுந்தது. தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. அடுப்பில் வெறும் தண்ணீர் கொதித்தது. ராஜையன் எட்டிப் பார்த்தான், பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டான், உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு அடைப்புக்குறியாக முடித்துக்கொண்டு வந்தான். ஒரு பிழை இல்லை.

"பத்து," என்றான்.

அரிசியை வாங்கிக்கொண்ட நாகம்மை டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"போன மனுசனுக்கு அஞ்சு நாளு குடுக்கதுக்கு ஒங்க கணக்குல எடமில்லாமப் போச்சே," என்றாள்.