ஆட்டையாம்பட்டி நிஷாதம்

ஆட்டையாம்பட்டியில் ஜெயபிரகாஷின் கல்யாண மண்டபத்தில் 2006 ஆவணியில் அகல்யா வாசித்த நிஷாதம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மேடைக்கு இடப்பக்கம், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் கதவருகே நின்றால் நன்றாகக் கேட்கும். அது வந்திருக்கவே கூடாத ஸ்வரம். நான்கு விசைத்தறி ஓட்டிய தண்டாயுதபாணியின் மகளான அகல்யாவுக்கு அப்போது இருபது வயது. இசைக் கல்லூரியில் புல்லாங்குழல் படித்து முடித்து, ஒரு வரவேற்பில் முதல் கச்சேரி செய்தாள். நிஷாதத்துக்கு இடமே இல்லாத மோகனத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, விரல் தவறி ஒரு நிஷாதம் விழுந்தது. அவள் உடனே திருத்திக்கொண்டு மேலே போய்விட்டாள். நிஷாதம் போகவில்லை. பந்தி முடிந்து, பாத்திரங்களை வேனில் ஏற்றி, விளக்குகளை அணைத்த பிறகும் அங்கேயே இருந்தது.

மின்சாரக் கோளாறு என்று நினைத்து ஜெயபிரகாஷ் மெயினை அணைத்துப் பார்த்தார். எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி வெளியே இழுக்கப் பார்த்தார். அடுத்த முகூர்த்தத்தில் நாகஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்கு நடுவே வாத்தியத்தைக் கீழே வைத்து, எங்கிருந்தோ அபஸ்வரம் வருகிறது, என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டதும், ஜெயபிரகாஷ் பைக்கை எடுத்துக்கொண்டு நேராக அகல்யாவின் வீட்டுக்கு வந்தார்.

“ஏனுங்க அம்மிணி, வாசிச்சது வாசிச்சீங்க. போகையில அதையும் எடுத்துட்டுப் போயிருக்கலாமில்லீங்க?”

“எடுக்கத் தெரியலீங்க. ஆனா அது என்னுதுதானுங்க. நான் வந்து பாக்கறேனுங்க” என்றாள் அகல்யா.

கல்யாணமே நடக்காத புரட்டாசி முழுவதும் அவள் காலி மண்டபத்தில் அந்த நிஷாதத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். முதல் சில நாள் வெட்கத்தில் காது சுட்டது. பிறகுதான் கவனித்தாள்: சுத்தமான ஸ்வரம் அது, பிசிறே இல்லை. தப்பு அதனிடம் இல்லை, அது விழுந்த இடத்தில்தான். தன்னிடமிருந்த குழல்களை ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தாள். ஏழாவது குழலின் சட்ஜமம் அந்த நிஷாதத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. அதையே சுருதியாக வைத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிட உருப்படி ஒன்றை அமைத்து, ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் வாசித்தாள். அன்று அந்த மண்டபத்தில் ஒரு பஞ்சமமும் தங்கியது. இரண்டும் சேர்ந்து, ஆளில்லாமல் மீட்டிய தம்புரா மாதிரி ஆனது. அடுத்த தை மாதம் ஜெயபிரகாஷ் மண்டபத்து போர்டில் ஏ.சி., கார் பார்க்கிங் வசதிகளுக்குக் கீழே ‘சுருதி வசதி உண்டு’ என்று எழுதி வைத்தார்.

அதன்பின் கச்சேரிக்கு ஒரு ஸ்வரம் என்று வழக்கமாயிற்று. எது தங்கும் என்று அவளுக்கே தெரியாது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றின் ஆயுத பூஜையில் தங்கிய காந்தாரத்தை வைத்துத்தான் இன்றும் அங்கே ஹாரனுக்குச் சுருதி பார்க்கிறார்கள். ராசிபுரத்தில் ஒரு கோழிப்பண்ணையில் தங்கிய ரிஷபத்துக்குக் கோழிகள் நான்கே நாளில் பழகிவிட்டன. சென்னையில் ஒரு சபா செயலாளர், “தப்பா ஏதாவது நின்னுட்டா என்ன பண்றதும்மா?” என்று கவலைப்பட்டபோது, “நின்னா, அதைச் சுத்தி ஒரு உருப்படி கட்டிக் குடுத்துட்டுத்தானுங்க ஊருக்குப் போவேன்” என்றாள். அப்படிக் கட்டியவை மட்டும் அறுபத்து மூன்று.

2015-இல் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு எடுத்து வகுப்பு தொடங்கினாள். நாற்பது பேர் சேர்ந்தார்கள். ஒருவர் ஊதிய ஸ்வரமும் தங்கவில்லை. எப்போது தங்கும் என்று பெற்றோர்கள் கேட்டார்கள். “அது பாடத்துல இல்லீங்க” என்று அவள் உள்ளதைச் சொன்னாள். மூன்று வருடத்தில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். நிற்காதவர்களில் ஒருத்தி கௌசியா, செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் பரக்கத் அலியின் மகள். பகலெல்லாம் ஸ்கேன் சென்டரில் மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வந்து தன் மூச்சைப் பார்த்துக்கொள்வாள். வந்து சேர்ந்தபோது இருபத்தைந்து. முதல் கச்சேரிக்கு நாள் குறித்தபோது முப்பத்திரண்டு.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செவ்வாய்ப்பேட்டை மளிகை வணிகர் மண்டபத்தில் மாலை ஐந்து மணிக்குக் கச்சேரி. முந்நூறு பேர் வந்திருந்தார்கள். டீச்சரின் கை இவளுக்காவது வாய்த்திருக்கிறதா என்று பார்க்க வந்த பழைய பெற்றோர்களும் இருந்தார்கள். கௌசியா ஒன்றரை மணி நேரம் வாசித்தாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முடித்துக் குழலை இறக்கியதும் மண்டபம் மூச்சடக்கிக் காத்திருந்தது. மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. சிலர் எழுந்துபோய் மூலைகளில் காது வைத்துப் பார்த்தார்கள்.

“ஒண்ணுமே நிக்கலியே டீச்சரம்மா” என்றார் பரக்கத் அலி, மகள் காதில் விழாதபடி. விழுந்துவிட்டது.

“என்னால உங்க பேரும் கெட்டுச்சு மிஸ்.” கௌசியாவின் கண் நிறைந்திருந்தது.

“நல்லாத்தான் வாசிச்சே. நாளைக்கு வகுப்புக்கு வா” என்று சொல்லிவிட்டு அகல்யா வெளியே நடந்தாள். அந்தப் பழைய நிஷாதத்துக்குப் பிறகு முதன்முறையாக அவளுக்குக் காது சுட்டது. விரலைத்தான் சொல்லிக்கொடுத்தோமோ, வேறெதையோ விட்டுவிட்டோமோ என்று யோசித்தபடி மிளகு மண்டியைத் தாண்டும்போது பின்னால் ஒரு தைவதம் கேட்டது. நின்றாள், அதுவும் நின்றது. நடந்தாள், வந்தது. கௌசியாவின் தைவதம், சந்தேகமே இல்லை. முன்னால் பார்த்தாள். கச்சேரி கேட்டுவிட்டுக் கலைந்து போகிறவர்களின் தோளுக்குப் பின்னால் ஆளுக்கொரு ஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. ஒருவருடைய காந்தாரம் அவரோடு ஆட்டோவில் ஏறியது. ஒருவருடைய பஞ்சமம் ஸ்கூட்டரின் பின்சீட்டில் போனது.

அகல்யா போனை எடுத்தாள். “கௌசியா, அழுதது போதும். அத்தாவைக் கூட்டிக்கிட்டு வாசலுக்கு வந்து தெருவைப் பாரு. என்னுது நிக்கிற சாதி. உன்னுது வீடு வரைக்கும் போற சாதி.”

சொல்லும்போதே டவுன் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தாள். கண்டக்டர் வாசற்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் வந்தார்.

“அக்கா, அது உங்ககூட வருதுங்களா? படியில நிக்கக் கூடாதுங்க, உள்ள வரச் சொல்லுங்க.”

அகல்யா பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.